பாடப்புத்தகத்தை மூடிய பிறகு: ஜெர்மன் கற்போர் கேள்வி – பதில்

ஜெர்மன் கற்கும் வாசகர்களின் கடிதங்களில் வகுப்பைப் பற்றிய கேள்விகள் குறைவு. அசல் ஜெர்மன் புத்தகத்துக்குள்ளும் காமிக்ஸுக்குள்ளும் தொலைக்காட்சிக்குள்ளும் எப்படி நுழைவது என்பதுதான் பலருடைய கவலை. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். உச்சரிப்பு கிட்டத்தட்டத்தான் வரும். சரியான ஒலியைக் காதால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏ2 தேர்வு முடித்துவிட்டேன். அடுத்து நாவலா, காமிக்ஸா, தொலைக்காட்சியா? எதில் தொடங்கினால் கைவிடாமல் இருப்பேன்?
– வாசகி, திருச்சி

காமிக்ஸில் தொடங்குங்கள். படம் இருப்பதால் எளிது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் வகுப்பில் படித்தது பேச்சு ஜெர்மன். நிகழ்காலம், பெர்ஃபெக்ட் என்னும் இறந்தகாலம், கேள்வி, ஏவல், இவ்வளவுதான் ஏ2 என்னும் இரண்டாம் படிநிலை. காமிக்ஸ் முழுக்கப் பேச்சுதான். நாவலைத் திறந்தால் பிரெடேரிட்டும் என்ற வேறொரு இறந்தகாலம் வந்து நிற்கும். செய்தித்தாளைத் திறந்தால் மூன்றாவதாக ஒரு ஜெர்மன். எது பெரியவர்களுக்கு, எது குழந்தைகளுக்கு என்று பார்த்துப் புத்தகம் வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. உள்ளே இருப்பது பேச்சா, கதைசொல்லலா, செய்தியா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அதனால்தான் மூன்று வயதுக் குழந்தைக்கான படப்புத்தகம் உங்களுக்கு எளிதாக இருக்காது. அதில் எதுகைக்காக வளைத்த வாக்கியங்கள் இருக்கும்; முள்ளெலி, வளைக்கரடி, ஓக் மரக் கொட்டை என்று நீங்கள் ஆறு மாதத்துக்குப் பயன்படுத்தப் போகாத சொற்கள் இருக்கும். 8 முதல் 12 வயதினருக்கு எழுதியவை உங்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

வாங்குமுன் ஒரு சோதனை. முதல் பக்கத்தை விடுங்கள், நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து 100 சொற்களை எண்ணுங்கள். பெயர்கள், எண்கள், பார்த்ததும் புரியும் கூட்டுச்சொற்கள் ஆகியவற்றை விட்டுவிட்டுத் தெரியாத சொல் எத்தனை? இரண்டுக்குள் என்றால் அகராதியே வேண்டாம். மூன்று முதல் ஐந்து என்றால் பென்சிலோடு படிக்கலாம். எட்டைத் தாண்டினால் மூன்று மாதம் அலமாரியில் இருக்கட்டும். ஒரு பக்கத்தில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்தால்தான் உதவியில்லாமல் வாசிப்பு ஓடும் என்பது வாசிப்பு ஆய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கு. 250 சொல் உள்ள பக்கத்தில் ஐந்து சொல்தான் தெரியாமல் இருக்கலாம். காமிக்ஸில் 100-க்குப் பத்து தெரியாவிட்டாலும் படம் தாங்கிக்கொள்ளும். கோதே நிறுவனத்தின் ஏ2 சொற்பட்டியல் சுமார் 1,300 சொற்கள், அடுத்த படிநிலையான பி1-க்குச் சுமார் 2,400. பெரியவர்களுக்கான நாவல் ஏன் இப்போது ஓடாது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

இன்னொன்று: ஒரே தொடரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து தொடரில் ஒவ்வொரு புத்தகம் படிப்பதைவிட ஒரு தொடரில் ஐந்து படிப்பது மேல். ஒவ்வொரு எழுத்தாளருக்கும் கைப்பழக்கமான இருநூறு, முந்நூறு சொற்கள் உண்டு. முதல் புத்தகத்தில் அவை மலை மாதிரி தெரியும். மூன்றாவதில் வீட்டு ஆட்களாகிவிடும்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இந்தியாவில் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் இயங்கும் கோதே நிறுவனத்துக்கு ஒன்லைஹெ என்ற மின்நூலகம் இருக்கிறது. கணக்குத் தொடங்கினால் மின்நூலும் ஒலிநூலும் இரவல் கிடைக்கும்.

டொனால்ட் டக் காமிக்ஸ் ஜெர்மனில் வாங்கினேன். 'ஸொய்ஃப்ட்ஸ்', 'க்ரூபெல்', 'னெ' என்று வருகிறது. அகராதியில் எதுவுமே இல்லை. அச்சுப்பிழையா?
– வாசகர், மதுரை

பிழையில்லை. ஜெர்மன் காமிக்ஸின் பெருமையே அதுதான்.

ஜெர்மனியில் மிக்கி மௌஸ் இதழ் 1951-இல் வரத் தொடங்கியது. அதைப் பல்லாண்டுகள் மொழிபெயர்த்தவர் எரிக்கா ஃபுக்ஸ் அம்மையார். வாத்துகள் வாழும் ஊருக்கு என்டென்ஹௌசென் என்று பெயர் வைத்தவர் அவர். என்டெ என்றால் வாத்து. தமிழில் 'வாத்தூர்' என்று வைத்தது போல. பாத்திரங்கள் பெருமூச்சு விடும்போதும் யோசிக்கும்போதும் வினைச்சொல்லின் விகுதியை வெட்டிவிட்டு வெறும் பகுதியை மட்டும் போட்டார். ஸொய்ஃப்ட்ஸென் என்றால் பெருமூச்சு விடுதல், வெட்டினால் ஸொய்ஃப்ட்ஸ். க்ரூபெல்ன் என்றால் மூளையைக் கசக்கி யோசித்தல், வெட்டினால் க்ரூபெல். இந்த வடிவத்துக்கு ஜெர்மானியர்கள் அவர் பெயரை வைத்தே வேடிக்கையாக எரிக்காட்டிவ் என்கிறார்கள். இன்று இணைய அரட்டையிலும் இது சாதாரணம். ஆகவே வழி எளிது: தெரியாத பகுதியோடு 'என்' சேர்த்து அகராதியில் தேடுங்கள், சொல் 'எல்', 'எர்' என்று முடிந்தால் 'ன்' மட்டும் சேருங்கள். கிஹெர் என்று கண்டால் கிஹெர்ன், அதாவது கிளுகிளுவென்று சிரித்தல். ட்ஸிட்டெர் என்றால் ட்ஸிட்டெர்ன், நடுங்குதல். ஷ்லுக் என்றால் ஷ்லுக்கென், எச்சில் விழுங்குதல்.

'னெ' வேறு கதை. 'ஒரு' என்று பொருள்படும் ஐனெ என்பதைப் பேச்சில் விழுங்கிச் சொல்வது அது. முன்னால் ஒரு மேற்கொட்டுக் குறி இருக்கும், கவனியுங்கள். அதேபோல் 'ன்' என்றால் ஐன், 'னென்' என்றால் ஐனென். ஹாபெ என்பது 'ஹாப்' ஆகும். ஹாஸ்ட் டூ என்பது 'ஹாஸ்டெ' ஆகும். நிஹ்ட் என்பது 'நிஹ்' ஆகும். இவற்றைக் கண்ணால் பார்த்துப் பழகியவருக்குத் தொலைக்காட்சி பாதிப் புரிந்த மாதிரி. வகுப்பு ஒலிப்பதிவில் எல்லாரும் முழு வாக்கியம் பேசுவார்கள். தெருவில் யாரும் பேச மாட்டார்கள்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறோம். பல காமிக்ஸ்களில் வசனம் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். ஜெர்மனில் பெயர்ச்சொல்லின் முதல் எழுத்து பெரிதாக இருப்பதுதான் வாசகனுக்குக் கைவிளக்கு. எல்லாமே பெரிதானால் விளக்கு அணைந்துவிடுகிறது. எஸ்-செட் என்ற எழுத்தும் இரண்டு எஸ் ஆக மாறியிருக்கும். தடுமாறும் வாக்கியத்தை நோட்டில் சிறிய எழுத்தில் திருப்பி எழுதி, எது பெயர்ச்சொல் என்று நீங்களே முடிவு செய்து பெரிதாக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம் போதும். அலுப்பான வேலைதான், ஆனால் சொல்லின் வகை இதில்தான் பிடிபடும்.

எந்தப் புத்தகம்? 1967 முதல் வரும் லூஸ்டிகெஸ் டாஷென்பூஹ் தொடர் கையடக்கமாகவும் தடிமனாகவும் இருக்கும். பழைய பிரதிகள் ஜெர்மனியின் ஞாயிற்றுச் சந்தைகளில் குவிந்து கிடக்கும். ஆஸ்டெரிக்ஸை இப்போது தொடாதீர்கள். படத்தைப் பார்த்து எளிது என்று தோன்றும், ஆனால் பெயர் முதல் வசனம் வரை சிலேடை. பி2-வில் எடுத்தால் விழுந்து விழுந்து சிரிக்கலாம்.

பத்து வயதுக் குழந்தைகளுக்கான நாவல் ஒன்றை வாங்கி மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். ஒவ்வொரு வரியிலும் நான்கு சொல் தேட வேண்டியிருக்கிறது. தேடினாலும் பொருள் பொருந்துவதில்லை.
– வாசகர், கோவை

இரண்டு காரணங்கள் இருக்கும். இரண்டும் சரிசெய்யக்கூடியவை.

முதலாவது, மேலே சொன்ன பிரெடேரிட்டும். 'போனான்' என்பதைப் பேச்சில் 'இஸ்ட் கெகாங்கென்' என்பார்கள். கதையில் 'கிங்' என்று ஒற்றைச் சொல். இப்படி உருமாறும் வினைகள் நிறைய உண்டு, ஆனால் ஒரு சிறுவர் நாவலை நகர்த்துபவை இருபது, முப்பதுதான். இவற்றை ஒரு தாளில் எழுதி அட்டையாகப் புத்தகத்துக்குள் வையுங்கள்: கேயென் – கிங், கொம்மென் – காம், ஸேயென் – ஸா, ஷ்டேயென் – ஷ்டான்ட், நேமென் – நாம், கேபென் – காப், லாஸென் – லீஸ், ஹால்டென் – ஹீல்ட், ஃபாலென் – ஃபீல், ரூஃபென் – ரீஃப், லௌஃபென் – லீஃப், லீகென் – லாக், ஸிட்ஸென் – ஸாஸ், ட்ஸீயென் – ட்ஸோக், ட்ராகென் – ட்ரூக், ஷ்லாகென் – ஷ்லூக், வெர்ஃபென் – வார்ஃப், ஹேபென் – ஹோப், ஷ்வைகென் – ஷ்வீக், ஃபெர்ஷ்விண்டென் – ஃபெர்ஷ்வாண்ட். அச்சு அகராதியில் 'ஹோப்' என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஜெர்மன் விக்கிஷனரியில் தேடினால் அது ஹேபென் என்பதன் வடிவம் என்று காட்டிவிடும்.

இரண்டாவது, பிரியும் வினை. 'பொருள் பொருந்துவதில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பது அநேகமாக இதனால்தான். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'எர் ஹோர்ட்டெ நாஹ் ஐனெர் வைலெ மிட் டேம் லேஸென் ஔஃப்.' ஹோர்ட்டெ என்றதும் அகராதிக்கு ஓடினால் 'கேட்டான்' என்று வரும். கொஞ்ச நேரம் கழித்து, படிப்பதோடு, கேட்டான்? பொருளே இல்லை. கடைசியில் தனியாக நிற்கும் ஔஃப் என்ற சிறுசொல்லை முன்னால் ஒட்டினால் ஔஃப்ஹோரென், நிறுத்துதல். 'கொஞ்ச நேரத்தில் படிப்பதை நிறுத்தினான்.' ஆகவே விதி: முற்றுப்புள்ளியைப் பார்க்காமல் அகராதியைத் தொடாதீர்கள். கடைசிச் சொல் ஆன், ஔஃப், ஔஸ், ஐன், மிட், ஃபோர், ட்ஸூ, ட்ஸுரூக் என்று இருந்தால் முதலில் அதை வினையோடு ஒட்டிப் பாருங்கள். வினை வரும்வரை காத்திருப்பது தமிழருக்குப் புதிதா என்ன? நம் வாக்கியமும் கடைசியில்தான் வாய் திறக்கும். 'வைல் இஹ் ஹொய்டெ கைனெ ட்ஸைட் ஹாபெ' என்பதை ஆங்கிலம் வழியாகப் புரிந்துகொள்ள முயன்றால் தலைகீழாகப் புரட்ட வேண்டும். தமிழில் 'எனக்கு இன்று நேரம் இல்லாததால்' என்று வினை கடைசியிலேயே கிடக்கிறது. ஆங்கிலத்தை இடைத்தரகராக வைப்பதை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு சில்லறை உதவி. சிறுவர் நாவல்களில் ஆட்கள் ஓயாமல் உடம்பை அசைப்பார்கள். தலையசைத்தான் என்பதற்கு நிக்டெ, தலையை ஆட்டி மறுத்தான் என்பதற்கு ஷுட்டெல்டெ டேன் கொப்ஃப், தோளைக் குலுக்கினான் என்பதற்கு ட்ஸுக்டெ மிட் டேன் ஷுல்டெர்ன், நெற்றியைச் சுருக்கினான் என்பதற்கு ருன்ட்ஸெல்டெ டி ஷ்டிர்ன். முணுமுணுத்தான் மூர்மெல்டெ, கிசுகிசுத்தான் ஃப்லூஸ்டெர்டெ, உறுமினாற்போல் சொன்னான் ப்ரும்டெ. எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராத இந்த ஏழும் ஏறத்தாழ எல்லா நாவலிலும் வரும்.

நடைமுறை: முதல் 30 பக்கம் எல்லாருக்கும் கரடுமுரடுதான். அதைக் கடக்கும்வரை நாளுக்கு நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு மட்டும். வாக்கியமே விழுந்துவிட்டால் அல்லது அதே சொல் மூன்றாம் முறை வந்தால் அகராதி. சொல்லட்டைக்கு ஏற்றுவது நாளைக்கு எட்டுதான். அதிலும் தனிச்சொல் கூடாது, பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டெர்-டி-டாஸ் சேர்த்து, அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். அட்டை 40 ஆகிறது என்றால் புத்தகம் தவறு, நீங்கள் தவறில்லை.

நீளமான ஜெர்மன் சொற்களைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.
– வாசகி, சேலம்

வலமிருந்து பிரியுங்கள். கடைசிச் சொல்தான் தலைச்சொல். டெர்-டி-டாஸ் தீர்மானிப்பதும் அதுதான். ஹான்ட்ஷூ: கை, காலணி, கையுறை. ஷில்ட்க்ரோட்டெ: கேடயம், தேரை, ஆமை. நடுவே ஒட்டாமல் ஒரு 'ஸ்' வந்தால் கலங்க வேண்டாம். கெபூர்ட்ஸ்டாக் என்பதில் கெபூர்ட் பிறப்பு, டாக் நாள், இடையில் உள்ள 'ஸ்' நம் சாரியை மாதிரி, பொருள் கிடையாது.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியிருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு, டொச் (ஜெர்மன்) சரளம். எனக்கு வேலையிடத்து டொச் மட்டும்தான் வரும். ரிவியில் படம் பார்த்துப் பழகலாம் என்றால், கீழே ஓடும் எழுத்தும் காதில் விழுவதும் வேறு வேறாக இருக்கிறது. ஏன்?
– வாசகி, டோர்ட்முண்ட்

நீங்கள் பார்த்தது மொழிமாற்றுப் படமாக இருக்கும். ஜெர்மனியில் வெளிநாட்டுப் படங்கள் பெரும்பாலும் ஜெர்மன் குரலில்தான் வரும். குரல் கொடுப்பவர்களுக்கான வசனம் உதட்டசைவுக்கு ஏற்ப எழுதப்படுகிறது. எழுத்துவரியை வேறொருவர் மூலப்படத்திலிருந்து நேரே மொழிபெயர்த்திருப்பார். இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லை. அசல் ஜெர்மன் நிகழ்ச்சியை எடுங்கள். அதில் காது கேளாதோருக்கான எழுத்துவரி பேச்சை ஒட்டியே போகும். வேகமான இடங்களில் கொஞ்சம் சுருக்குவார்கள், அவ்வளவுதான். தொலைக்காட்சியிலேயே பார்ப்பதென்றால் டெலிடெக்ஸ்டில் ஏஆர்டி அலைவரிசைக்கு 150-ஆம் பக்கம், இஸட்-டிஎஃப் அலைவரிசைக்கு 777-ஆம் பக்கம். மெடியாதேக் என்னும் அலைவரிசைகளின் இணையக் காணொளித் தளங்களில் யு-டி என்ற பொத்தான். முக்கியப் பாத்திரங்களின் பேச்சு தனித்தனி நிறத்தில் வரும். யார் பேசுகிறார் என்று குழம்பத் தேவையில்லை.

மகளோடு சேர்ந்து பார்க்க ஒன்று சொல்கிறோம்: டி ஸென்டுங் மிட் டெர் மௌஸ், எலி நிகழ்ச்சி. 1971 முதல் ஞாயிறு காலைகளில் வருவது, அரை மணி நேரம். தொடக்கத்தில் அன்றைய நிகழ்ச்சிகளை ஜெர்மனில் சொல்லி, அதையே வேறொரு நாட்டு மொழியிலும் சொல்வார்கள். அதில் வரும் ஸாஹ்கெஷிஹ்டென் என்ற விளக்கத் துணுக்குகள்தான் உங்களுக்கு வேண்டியவை. ஒரு பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்று காட்டிக்கொண்டே பேசுவார்கள். கண் பார்ப்பதைத்தான் காது கேட்கும். துளையிடுதல், ஒட்டுதல், ஊற்றுதல், கிண்டுதல், முறுக்குதல் என்று கைவேலை வினைகள் கொட்டும். வேலையிடத்தில் உங்களுக்கு நாளையே உதவும்.

ஆறேழு நிமிடத் துணுக்கு ஒன்றை எடுத்து மூன்று முறை பாருங்கள். முதல்முறை எழுத்துவரி இல்லாமல். இரண்டாம் முறை ஜெர்மன் எழுத்துவரியோடு, நிறுத்தி நிறுத்தி. எட்டு வினைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை மறுபடி எழுத்துவரி இல்லாமல். பெரும்பாலோர் இரண்டாம் முறையோடு எழுந்துவிடுகிறார்கள். காதுக்கு வேலை கொடுப்பது மூன்றாம் முறைதான், அதை விடாதீர்கள்.

அடுத்த படி, லோகோ. 1989 முதல் வரும் சிறுவர் செய்தி, பத்து நிமிடம். புதுச் சொல் வந்தால் நிறுத்தி விளக்கிவிட்டுத்தான் மேலே போவார்கள். இரவு எட்டு மணிக்கு வரும் டாகெஸ்ஷௌ செய்தி பதினைந்து நிமிடம்தான் என்றாலும் எழுதிவைத்ததை வாசிப்பது, கனமானது. 2024 ஜூன் முதல் அதற்கு எளிய மொழிப் பதிப்பு ஒன்று வருகிறது, அதில் தொடங்குங்கள். ஞாயிறு இரவு 8.15-க்கு டாட்டோர்ட் துப்பறியும் தொடர். 1970 முதல் ஓடுகிறது, ஒவ்வொரு கதையும் 90 நிமிடம், ஊருக்கு ஊர் வேறு போலீஸ்காரர்கள். வியன்னாவில் நடக்கும் கதையை முதலில் எடுக்காதீர்கள். அந்தப் பேச்சு வழக்கு ஜெர்மானியர் சிலருக்கே சிரமம்.

ஆங்கில எழுத்துவரியோடு பார்த்தால் எத்தனை மாதத்தில் பேச்சு புரியும்?
– வாசகர், ஈரோடு

புரியாது. ஆங்கிலம் வாசிக்கும் வேகம்தான் கூடும். கதை தெரிய வேண்டுமென்றால் முன்கூட்டியே கதைச்சுருக்கத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ படித்துவிட்டு, பிறகு ஜெர்மன் எழுத்துவரியோடு உட்காருங்கள். அதுகூட இருபது நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்காது. டார்க் தொடரைப் பலரும் பரிந்துரைப்பார்கள். நல்ல தொடர், ஆனால் யார் யாருக்கு எந்தக் காலத்தில் என்ன உறவு என்பதற்கே நோட்டுப் போட வேண்டும். 2006–2008-இல் வந்த ட்யுர்கிஷ் ஃப்யுர் ஆன்ஃபேங்கெர் 25 நிமிடக் குடும்ப நகைச்சுவை; அதே ஆட்கள், அதே வீடு, அதே சண்டை. கற்பவருக்கு அதுதான் வரம். ஒன்று: மெடியாதேக்கில் உள்ள தொடர்களும் படங்களும் பல நேரம் ஜெர்மனிக்கு வெளியே ஓடாது, ஆவணப்படங்கள் பெரும்பாலும் ஓடும்.

காதுக்கு மட்டும் வேண்டுமென்றால் 1979 முதல் வரும் டி டிரை ஃப்ராகெட்ஸைஹென் ஒலிநாடகங்கள். மூன்று துப்பறியும் சிறுவர்களுக்கு அன்று குரல் கொடுத்தவர்கள்தான் இன்றும் கொடுக்கிறார்கள். இருநூறுக்கு மேற்பட்ட கதைகளில் அதே மூன்று குரல். நான்காவது கதையில் உங்கள் காது படிந்துவிடும்.

செவிலியர் வேலைக்காக பி2 படிக்கிறேன். இலக்கணம் தெரிகிறது. தொடர்களில் டோஹ், மால், யா, ஹால்ட், டென் என்று வாக்கியத்துக்கு இரண்டு வருகிறதே, எதற்கு? ஆசிரியரைக் கேட்டால் 'பொருள் இல்லை' என்கிறார்.
– வாசகி, நாகர்கோவில்

பொருள் இல்லை என்றால் நம் ஏகாரத்துக்கும் 'தானே'-வுக்கும் பொருள் இல்லை என்றாகிவிடும். ஆங்கிலத்தில் இவற்றுக்கு நேர்ச்சொல் கிடைக்காது, அதனால்தான் கைவிடுகிறார்கள். தமிழில் வைத்துப் பாருங்கள்.

'கொம் டோஹ் மால் ஹேர்' – இங்க வாயேன். 'டாஸ் வைஸ்ட் டூ டோஹ்' – உனக்குத்தான் தெரியுமே. 'வார்டெ மால்' – கொஞ்சம் இரு. 'டா பிஸ்ட் டூ யா' – அட, வந்துட்டியே. 'வாஸ் இஸ்ட் டென் லோஸ்' – என்னதான் ஆச்சு? 'டாஸ் இஸ்ட் ஹால்ட் ஸோ' – அது அப்படித்தான். 'எர் இஸ்ட் வோல் க்ராங்க்' – அவனுக்கு உடம்பு சரியில்ல போல. 'டாஸ் வீர்ட் ஷோன்' – எல்லாம் சரியாயிடும். தனியாக நிற்கும் டோஹ் என்பது எதிர்மறைக் கேள்வியை மறுப்பது: 'பசிக்கலையா?' 'டோஹ்!' – பசிக்குதே!

ஒரு தொடரில் ஒரே ஒரு சிறுசொல்லை எடுத்து, அது வரும் பத்து வாக்கியங்களைத் தமிழ்ப் பேச்சில் எழுதிப் பாருங்கள். 'டென்' ஒரு வாரம், 'டோஹ்' இரண்டு வாரம். நோயாளியிடம் 'வோ டூட் எஸ் வே?' என்று மொட்டையாகக் கேட்பது விசாரணை மாதிரி இருக்கும். 'வோ டூட் எஸ் டென் வே?' என்றால் 'எங்கம்மா வலிக்குது?' என்ற குழைவு வந்துவிடும்.

மருத்துவமனைப் பேச்சுக்கு இன் ஆலெர் ஃப்ரொய்ன்ட்ஷாஃப்ட் என்ற தொடர் 1998 முதல் ஓடுகிறது. லைப்ட்ஸிக் நகரில் நடக்கும் கதை. மருத்துவர்கள் தங்களுக்குள் பேசும் லத்தீனை விடுங்கள். படுக்கையோரப் பேச்சைக் குறியுங்கள். குறிப்பாக நோயாளி சொல்லும் 'மிர்' வாக்கியங்கள்: 'மிர் இஸ்ட் ஷ்லெஹ்ட்' என்றால் குமட்டுகிறது, 'நான் கெட்டவன்' இல்லை. 'மிர் இஸ்ட் கால்ட்' – எனக்குக் குளிருது. எனக்கு என்று நான்காம் வேற்றுமையில் தொடங்குவது நமக்குப் பழகினதுதான். 'இஹ் பின் கால்ட்' என்று சொல்லிவிட்டால் 'நான் ஈரமில்லாதவள்' என்று பொருளாகும்.

செய்தித்தாள் வாக்கியத்தின் தலையும் வாலும் பிடிபடவில்லை.
– வாசகர், புதுச்சேரி

டெர் என்று தொடங்கி, அது எந்தப் பெயருக்கு உரியதோ அந்தப் பெயர் ஆறு சொல் தள்ளி வரும்; அதுதானே? 'டெர் கெஸ்டெர்ன் இன் கோல்ன் ஃபெர்ஹாஃப்டெட்டெ மான்.' இதைத் தமிழில் சொல்லுக்குச் சொல் வையுங்கள்: நேற்று, கோல்னில், கைதான, ஆள். வரிசையே மாறவில்லை, பெயரெச்சம்தான் இது. வாக்கியத்தில் டெர், டி, டாஸ் வந்த உடனே 'இன்', 'ஃபோன்' போன்ற சொல்லோ காலச்சொல்லோ தொடர்ந்தால் பெயரெச்சம் வரப்போகிறது என்று வைத்துக்கொண்டு பெயரைத் தேடுங்கள்.

இன்னொரு தொல்லை ஹாபெ, ஸை. 'டெர் மினிஸ்டெர் ஸாக்டெ, எர் ஹாபெ டாஃபோன் நிஹ்ட்ஸ் கெவுஸ்ட்.' ஹாட் வர வேண்டிய இடத்தில் ஏன் ஹாபெ? அமைச்சர் சொன்னது இது, பத்திரிகை பொறுப்பேற்கவில்லை என்பதன் குறி. அவருக்கு எதுவும் தெரியாதாம். அந்த 'ஆம்' விகுதிதான் ஹாபெ.

பழைய புத்தகக் கடையில் ஜெர்மன் நூல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?
– வாசகி, சென்னை

ஆண்டைப் பாருங்கள். 1996-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தையவற்றில் டாஸ் என்ற இணைப்புச்சொல், முஸ் என்ற வினை போன்றவை எஸ்-செட்டில் முடியும். இப்போது இரண்டு எஸ். படிக்கத் தடையில்லை, எழுதும்போது காப்பியடிக்காதீர்கள், தேர்வில் மதிப்பெண் போகும். 1940-களுக்கு முந்தைய பதிப்பு என்றால் ஃப்ராக்டூர் எழுத்துருவாக இருக்கலாம். வளைந்து நெளிந்த அந்த எழுத்தில் 'எஸ்'-உம் 'எஃப்'-உம் இரட்டைப் பிள்ளைகள். கிரிம் தேவதைக் கதைகள் 'குழந்தைகளுக்குத்தானே' என்று வாங்க வேண்டாம், மொழி 19-ஆம் நூற்றாண்டு.

படித்தால் புரிகிறது, பார்த்தால் புரிகிறது. வாய் திறந்தால் ஒன்றும் வரவில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

சொல்லே இல்லாத காமிக்ஸ் ஒன்று இருக்கிறது. ஃபாட்டெர் உன்ட் ஸோன், அப்பாவும் மகனும். ஏரிஹ் ஓஸெர் என்ற ஓவியர் ஏ.ஓ. ப்லௌவென் என்ற புனைபெயரில் 1934 முதல் 1937 வரை பெர்லின் வார இதழ் ஒன்றில் வரைந்தது. வழுக்கைத்தலை, தொங்குமீசை அப்பா, பரட்டைத்தலைப் பையன், சில கட்டங்களில் ஒரு குறும்பு. பேச்சுக் குமிழி கிடையாது. நீங்கள்தான் பேச வேண்டும்.

ஒரு கதையை எடுத்துக் கட்டத்துக்கு இரண்டு வாக்கியம், முதலில் நிகழ்காலத்தில், கைபேசியில் பதிவுசெய்து சொல்லுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் நிற்காமல் சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டுப் போங்கள். முடிந்த பிறகு கிடைக்காத சொற்களை மட்டும் தேடுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். மறுநாள் அதே கதையை நண்பருக்குச் சொல்வதுபோல் பெர்ஃபெக்டில். மூன்றாம் நாள் நாவல்போலப் பிரெடேரிட்டுமில் எழுதுங்கள், கோவை வாசகருக்குத் தந்த பட்டியல் பக்கத்தில் இருக்கட்டும். நான்காம் நாள் அப்பா, மகன் வசனத்தை நீங்களே எழுதி டோஹ், மால் சேருங்கள்.

இரண்டாம் நாள் பதிவில்தான் பிழை கூடும். பெர்ஃபெக்டின் துணைவினை ஹாட்டா, இஸ்டா என்ற தடுமாற்றம். இடம்பெயரும் வினைக்கு இஸ்ட்: ஓடினான், விழுந்தான், ஏறினான். மகன் மரத்தில் ஏறியது இஸ்ட் கெக்லெட்டெர்ட், அப்பா அவனை அடித்தது ஹாட் கெஷ்லாகென். ஃபாரென் போன்ற சில வினைகள் இரண்டு பக்கமும் நிற்கும்: அவன் ஊருக்கு வண்டியில் போனால் இஸ்ட் கெஃபாரென், அப்பா அவனை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டால், செயப்படுபொருள் வந்துவிட்டதால், ஹாட் கெஃபாரென். பதிவைத் திருப்பிக் கேட்கும்போது இந்த இரண்டை மட்டும் எண்ணுங்கள், உச்சரிப்பை அடுத்த வாரம் பார்க்கலாம்.